குழாய்ப் பெட்டி: வாவிச் சேற்றுக்குச் சரி, ஆழ்கடலுக்கு அரைகுறை

"கடலடி நுண்ணங்கிகள் உங்கள் மேசையில்" என்று அட்டையில் போட்டு விற்கும் வினோகிராட்ஸ்கி குழாய்ப் பெட்டியை (சேற்றின் நுண்ணங்கிகள் ஒளியில் நிற அடுக்குகளாக வளர்வதைக் காட்டும் குழாய்) மட்டக்களப்பு வாவிச் சேற்றில் வைத்துப் பார்த்தோம். பெட்டி வேலை செய்கிறது, அட்டைதான் கதையளக்கிறது.

30 செ.மீ. உயரக் குழாய் தெளிவானது, கசிவில்லை. திருகு மூடிதான் வில்லங்கம். சேற்றில் தீனியாகக் கலக்கும் காகிதம் நொதித்து வரும் வாயுவுக்கு வழியில்லாவிட்டால் சேறு கட்டியாக மேலே எழும்பும். மூடியை எறிந்துவிட்டு பொலித்தீனை றப்பர் பட்டியால் கட்டி, ஊசியால் இரண்டு துளை போடுங்கள்.

செய்முறைத் தாள் நன்னீர்க் குளத்துக்கு எழுதியது. வைகாசி முதல் புரட்டாதி வரை முகத்துவாரப் பக்கச் சேற்றில் கடல்நீரின் சல்பேற்று தாராளமாக இருக்கும். பெட்டியோடு வரும் சல்பேற்றுப் பைக்கற்றையும் கொட்டினால் ஐதரசன் சல்பைட்டு மிஞ்சி, முட்டை நாற்றத்தில் வகுப்பே எழும்பி ஓடும். ஊதாக் கந்தக பக்டீரியாவும் தாங்காது. மாரி வெள்ளத்தில் உவர்ப்பு இறங்கியபின் மட்டும் லீற்றர் சேற்றுக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

கண்டல் வேரடிக் களியில் சிப்பி, குச்சி பொறுக்கி, வாவி நீர் விட்டுக் கூழாக்குங்கள். அடியில் மூன்றிலொரு பங்கு காகிதம் கலந்த சேறு, மேலே வெறும் சேறு, அதன்மேல் 5 செ.மீ. நீர். ஒவ்வொரு அடுக்கையும் குச்சியால் குத்துங்கள். குமிழ் சிக்கிய இடம் கறுக்காது, மண்ணிற வளையமாக நிற்கும்.

தாள் சொல்லும் பெரிய பிழை: "கடலடியிலும் இதேபோல் ஒட்சிசன் கிடையாது." வாவியில் தீனி மலிவு, அதைத் தின்னும் நுண்ணங்கிகள் சில மில்லிமீற்றருக்குள் ஒட்சிசனைத் தீர்த்துவிடும். தென் பசிபிக் நடுவிலோ பத்து இலட்சம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மீற்றருக்கு மேல் படிவு சேராது. தின்ன ஏதுமில்லாததால் ஒட்சிசன் செலவாகாமல் அடிப்பாறைவரை எஞ்சுகிறது. 2010இல் அங்கே துளையிட்டு எடுத்த, 10.15 கோடி ஆண்டுப் பழைய படிவின் நுண்ணங்கிகள்கூட ஆய்வுகூடத்தில் தீனி கொடுத்ததும் பெருகின. முடிவு 2020இல் வெளியானது. அதுவரை கிடைத்த சொற்ப சக்தி பெருகுவதற்கல்ல, பழுதான புரதத்தையும் டி.என்.ஏ.யையும் திருத்தவே போதுமாயிருந்திருக்கும்.

இந்தப் பட்டினியைப் பெட்டி காட்டாது. அதன் திசையைக் காட்ட வைக்கலாம். கண்டல் சேறு முன்னமே கறுப்பு என்பதால் இதற்குச் சாம்பல்நிறக் களி எடுங்கள். ஒரு குழாயில் காகிதம், மற்றதில் வெறும் களி. இரண்டையும் அலுமினியத் தாளால் சுற்றுங்கள். ஒன்றை மட்டும் சுற்றினால் வேறுபாடு ஒளியாலா தீனியாலா என்று பிரிக்க முடியாது. காகிதம் போட்டது சில வாரத்தில் இரும்புச் சல்பைட்டால் கறுக்கும், மற்றது பின்தங்கும். இருட்டில் பச்சையும் ஊதாவும் வராது, காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது குழாய்க்காக இன்னொரு பெட்டி வாங்காதீர்கள். கழுத்து வெட்டிய 1.5 லீற்றர் சோடாப் போத்தல் போதும்.