லீட்ஸில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ்: "தாவர எண்ணெய்தான்" என்று சொல்லி மாட்டுக் கொழுப்பில் பொரித்துக் கொடுத்தார்கள், 164.49 பவுண்டு போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர் வட்டாரத்து நகரமான லீட்ஸில் இருக்கும் ஒரு ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடை (மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகளும்), ஒரு டெலிவரி ஆப். புகார் நடந்துகொண்டிருப்பதால் இரண்டின் பெயரையும் போடவில்லை. பன்னிரண்டு ஹேடாக் (ஒரு கடல்மீன்) அண்ட் சிப்ஸ், ஒன்று 12.50 பவுண்டு வீதம் 150. மஷி பீஸ் (வேகவைத்து மசித்த பட்டாணி) நான்கு டப்பா, 8 பவுண்டு. டெலிவரி 3.50, சர்வீஸ் கட்டணம் 2.99. மொத்தம் 164.49 பவுண்டு. சாப்பிட உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர்கள். மாட்டிறைச்சியைத் தொடாதவர்கள். அதனால்தான் எதில் பொரிக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டு, உறுதி வாங்கி, அதற்குப் பிறகு பணம் கட்டியது. வந்தது முழுக்க முழுக்க மாட்டுக் கொழுப்பில் பொரித்தது.

புதிதாக வந்தவர்கள் நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன் நடந்ததைச் சொன்னால்தான் எங்கே ஏமாறுவோம் என்று புரியும்.

லண்டனிலிருந்து வடக்கே குடி வருபவர்களில் பலருக்கு இது தெரியாது. லண்டன் பக்கம் பெரும்பாலான கடைகளில் பாம், ரேப்சீட், சூரியகாந்தி என்று ஏதோ ஒரு தாவர எண்ணெய்தான். யார்க்‌ஷயரில் பழைய வழக்கம் பீஃப் டிரிப்பிங். மாட்டுக் கொழுப்பை உருக்கி வடிகட்டிக் கட்டியாக்கி அட்டைப்பெட்டியில் விற்பார்கள். அதைப் பெரிய சட்டியில் உருக்கி, 180 டிகிரி சுமாருக்குக் காய்ச்சி, மீனையும் சிப்ஸையும் அதிலேயே போடுவார்கள். மேல்மாவு மொறுமொறுப்பாக வரும், ருசியும் தூக்கலாக இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமை. அது அவர்கள் சாப்பாடு, அவர்கள் மரபு. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. "டிரிப்பிங்தான்" என்று சொல்லியிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போயிருப்போம். பொய் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே கடைக்காரர் கேட்பவருக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் பதினான்கு. மீன், கோதுமை, பால், முட்டை, கடுகு எல்லாம் அதில் உண்டு. மாட்டுக் கொழுப்பு இல்லை. அலர்ஜி அட்டையை எத்தனை முறை புரட்டினாலும் டிரிப்பிங் என்ற சொல் கண்ணில் படாமலே போகலாம். நாமாக வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு. கேட்டும் பொய் சொன்னால்?

கேட்ட கதை இதுதான். ஆப்பில் கடையின் அறிமுகத்திலேயே "நூறு சதவீதம் தாவர எண்ணெயில் பொரித்தது" என்று ஒரு வரி. சரி, ஆப்பில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம் என்று கடைக்கே போன் செய்து, "பீஃப் டிரிப்பிங்கா, வெஜிடபிள் ஆயிலா? மதக் காரணம், மாடு சாப்பிட மாட்டோம், பன்னிரண்டு பேருக்கு ஆர்டர்" என்று தெளிவாகச் சொல்லியாயிற்று. எடுத்த பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வெஜிடபிள் ஆயில்தான், கவலையே வேண்டாம்" என்றாள். உள்ளே யாரிடமும் கேட்கவில்லை, "ஒரு நிமிஷம் இருங்க" என்றுகூடச் சொல்லவில்லை. அந்த வேகமே நம்பிக்கையைத் தந்தது. ஆப்பில் சுகாதார மதிப்பெண் வேறு ஐந்துக்கு ஐந்து. எழுத்தில் ஒன்று, வாய்மொழியில் ஒன்று, அரசாங்க மதிப்பெண் ஒன்று. இதற்கு மேல் ஒரு மனிதர் என்ன விசாரிக்க முடியும்? 164.49 பவுண்டு அந்த நிமிடமே கார்டில் போய்விட்டது.

சுகாதார மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. உணவை எப்படிக் கையாள்கிறார்கள், இடம் சுத்தமா, பாதுகாப்புப் பதிவேடுகள் ஒழுங்கா என்ற மூன்றைத்தான் அது பார்க்கிறது. சட்டியில் என்ன கொழுப்பு, பலகையில் எழுதிய மீனும் தட்டில் விழும் மீனும் ஒன்றா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பு இல்லை.

பெட்டிகள் வந்தன. சூடாக இருக்கும்போது எதுவும் தெரியாது. சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில்தான் மிச்சம் இருந்த பெட்டிகளின் அடியிலும் மூடியிலும் வெள்ளையாக ஒரு படலம், உறைந்த நெய் போல. விரலில் மெழுகாக ஒட்டியது. ரேப்சீட், சூரியகாந்தி எண்ணெய் அறைச் சூட்டில் உறையவே உறையாது. ஆனால் இதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள், பாம் எண்ணெயும் உறையும். வித்தியாசம் வாயில் தெரியும். பாம் எண்ணெய் ஏறக்குறைய 35 டிகிரியில் உருகிவிடும், அதனால் வாய்ச் சூட்டிலேயே கரைந்துபோகும். மாட்டுக் கொழுப்பு முழுசாக உருக 40 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் அண்ணத்தில் பூசினாற்போல ஒட்டிக்கொள்ளும், வெந்நீர் குடித்தால்தான் போகும். இங்கே எல்லோருமே வெந்நீர் கேட்டார்கள். வாசனையும் வேறு.

மீனும் சந்தேகம்தான். ஹேடாக் வெந்தால் மெல்லிய மடல் மடலாகப் பிரியும், லேசாக ஒரு தித்திப்பு இருக்கும். காட் என்ற இன்னொரு கடல்மீன் என்றால் மடல் இன்னும் பெரியது. வந்தது மடலே இல்லாமல் குழைந்து கிடந்தது, நடுவே சாம்பல் கோடு, சேற்று வாடை. வியட்நாமில் குளத்தில் வளர்க்கும் பங்காசியஸ் கெளிறு அப்படித்தான் இருக்கும், விலையும் குறைவு. தோலோடு இருந்தால் ஹேடாக்கைப் பக்கவாட்டில் ஓடும் கருப்புக் கோட்டை வைத்தே சொல்லிவிடலாம், காட்டுக்கு அந்தக் கோடு வெள்ளை. ஆனால் யார்க்‌ஷயரில் தோலை உரித்துவிட்டுத்தான் பொரிப்பார்கள், அந்த அடையாளம் கிடைக்காது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல் மீனை நிரூபிக்க முடியாது. அதனால் புகாரில் மீனைப் பிடித்துத் தொங்கவில்லை, கொழுப்பை மட்டும் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் கடைக்கு நேரில் போனால் கவுண்டருக்குப் பின்னால் சுவரில் பலகையே தொங்குகிறது: "பாரம்பரிய முறையில் பீஃப் டிரிப்பிங்கில் பொரித்தது." வாசலில் இல்லை, ஆப்பில் இல்லை, உள்ளே வந்தவர் கண்ணுக்கு மட்டும். சட்டிக்குப் பக்கத்தில் நின்றவர் "எப்பவும் டிரிப்பிங்தான்" என்று சாதாரணமாகச் சொன்னார். முந்தைய முதலாளி காலத்தில் எண்ணெயாம், கை மாறியதும் டிரிப்பிங்குக்கு மாற்றினார்களாம், ஆப்பில் இருந்த பழைய வரியை யாரும் தொடவில்லையாம். சரி, அது பழைய வரி. போனில் பேசியது யார்? "சனிக்கிழமை நிறையப் பிள்ளைகள் வேலைக்கு வருவார்கள், யார் எடுத்தார்கள் என்று தெரியாது."

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான அலைக்கழிப்பு. கடை முதலாளி சொன்னது: "ஆப்பில் கட்டிய பணம், ஆப்பில் கேளுங்கள்." ஆப்பில் கேட்டால் முதலில் இயந்திரம் பதில் சொன்னது, பொருள் எதுவும் குறையவில்லையே என்று. அப்புறம் ஒரு ஆள் வந்தார். "மெனு விவரம் கடையின் பொறுப்பு, கடையில் கேளுங்கள்." மறுபடி கடை: "பாதிக்கு மேல் சாப்பிட்டுவிட்டீர்களே." சாப்பிட்ட பிறகுதானே தெரிந்தது! மறுபடி ஆப்: நல்லெண்ண அடிப்படையில் 8 பவுண்டு கிரெடிட், அதுவும் அடுத்த ஆர்டருக்கு மட்டும். 164.49-க்கு எட்டு. ஏற்க மாட்டேன் என்றதும் 15 ஆனது. அதையும் மறுத்ததும் "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று மின்னஞ்சல் அனுப்பிப் புகாரை மூடிவிட்டார்கள். திரும்பத் திறந்தால் புகார் செய்வதற்கான நேரம் கடந்துவிட்டதாம். நேரம் கடந்தது யாரால்? கடைசியாக முதலாளி சொன்னதுதான் நெஞ்சில் நிற்கிறது: "யார்க்‌ஷயரில் டிரிப்பிங்தான் என்று எல்லோருக்கும் தெரியுமே." தெரிந்ததால்தானே ஐயா போன் செய்து கேட்டது!

ஒரு மன்னிப்பு வரவில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று நாங்கள் தவித்த தவிப்புக்கு எந்தக் கிரெடிட்டும் ஈடாகாது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, அதையாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1990 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வாங்குபவர் கேட்ட தன்மையில் இல்லாத உணவை விற்பது குற்றம் என்கிறது. 15-ஆம் பிரிவு பொய்யான விவரிப்பு பற்றியது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் சொன்ன விவரத்தோடு பொருந்த வேண்டும். புகாரை நேராக டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸிடம் (வணிக முறைகேடுகளை விசாரிக்கும் உள்ளாட்சித் துறை) கொடுக்க முடியாது, சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண் வழியாகத்தான் போகும். பணத்துக்கு வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது. "விவரித்தபடி இல்லை" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள், வழக்கமாக 120 நாள் அவகாசம் உண்டு. கிரெடிட் கார்டில் வாங்கியதற்குக் கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்கும் சட்டப்பிரிவான செக்‌ஷன் 75 இதற்கு உதவாது. ஒரு பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டியிருக்க வேண்டும், மொத்த பில்லை அவர்கள் பார்ப்பதில்லை. நமக்கு ஒன்று 12.50-தான். இதைத் தெரியாமல் 75 என்று விண்ணப்பித்து நாளைக் கடத்தாதீர்கள்.

நல்ல கடை கண்டுபிடிப்பதைப் பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு அதில் இல்லை. அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

போனில் கேட்காதீர்கள். நேரில் போய், சட்டிக்கு முன்னால் நிற்பவரிடம் கேளுங்கள், கொழுப்புப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் தயங்காமல் காட்டுவார்.

"எங்களிடம் எண்ணெய்ச் சட்டி தனியாக உண்டு" என்றால் அதோடு விடாதீர்கள். கூடை தனியா, வடிகட்டும் இயந்திரம் தனியா, பொரித்த சிப்ஸைக் கொட்டி வைக்கும் பெட்டி தனியா என்று கேளுங்கள். ஒரே இயந்திரத்தில் இரண்டையும் வடிகட்டினால் கொழுப்பு கலந்துவிடும். டிரிப்பிங் கடையில் சும்மா தரும் மாவுத் துணுக்கு, அதுதான் ஸ்கிராப்ஸ், அதுவும் அதே கொழுப்பிலிருந்து அள்ளியதுதான். அங்கே சிப்ஸும் சைவம் இல்லை. நம்மில் பலர் "மீன் வேண்டாம், சிப்ஸ் மட்டும் போதும்" என்று பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பது இங்கேதான் தவறிப்போகிறது.

ஆர்டர் கொடுக்கும் முன் ஆப்பில் "தாவர எண்ணெய்" என்ற வரியைப் படம் எடுத்து வையுங்கள். என் புகாரில் இன்று கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தப் படம்தான். நான் புகார் கொடுத்த பிறகு அந்த வரியை நீக்கிவிட்டார்கள்.

பெரிய ஆர்டர் என்றால் முதலில் ஒன்றே ஒன்று வாங்கி ஆறவைத்துப் பாருங்கள்.

8 பவுண்டு கிரெடிட்டைத் தொடாதீர்கள். ஏற்றுக்கொண்டால் தீர்வை ஒப்புக்கொண்டதாக வங்கியிடம் காட்டுவார்கள்.

சார்ஜ்பேக் விண்ணப்பம் வங்கியில் இருக்கிறது. முழு 164.49 பவுண்டுக்குத்தான் கேட்டிருக்கிறேன், ஒரு பென்னி குறைக்கவில்லை. முடிவு வந்ததும் இதே பதிவில் கீழே சேர்க்கிறேன். லீட்ஸ், பிராட்ஃபோர்ட், வேக்ஃபீல்ட் பக்கம் சட்டி முழுக்கத் தாவர எண்ணெய் மட்டும் வைத்திருக்கும் கடையை நேரில் பார்த்து உறுதிசெய்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், கேட்பதற்கு இங்கே நிறைய வீடுகள் இருக்கின்றன.