ஒன்பதாவது எழுத்தைப் பார்க்காத கடவுச்சொல்: வி.என்.சி.யுடன் 4 ஆண்டுகள்

தொலைவிலிருந்தே ஒரு கணினியின் திரையைப் பார்த்து அதை இயக்க உதவும் வி.என்.சி. மென்பொருளை அலுவலகச் சேவையகத்தில் நிறுவலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். 4 ஆண்டுகளாக அதைக் கட்டி மேய்த்துவரும் எரிச்சலோடு எழுதுகிறேன்.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திரையில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் எளிய ஏற்பாடு என்பதால் பழைய கணினியிலும் அது திணறுவதில்லை. இணைப்பு நடுவில் அறுந்தாலும், திறந்து வைத்த சாளரங்கள் விட்ட இடத்திலேயே காத்திருக்கின்றன.

எங்கள் கடவுச்சொல் 14 எழுத்துகள் கொண்டது. புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஒருவர், கடைசி எழுத்துகளைத் தவறாகத் தட்டியும் உள்ளே போய்விட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது நான் நம்பவில்லை. அவர் முன்னாலேயே முதல் 7 எழுத்துகளை மட்டும் தட்டினேன், மறுத்தது. எட்டாவதையும் சேர்த்தேன், திரை திறந்தது.

சேவையகம் சவாலாக அனுப்பும் 16 பைட் தற்செயல் எண்ணை, நம் கணினி கடவுச்சொல்லையே திறவுகோலாக வைத்து டி.இ.எஸ். என்ற பழைய மறையாக்க முறையில் மறையாக்கித் திருப்பி அனுப்புவதுதான் இதன் வழக்கமான சரிபார்ப்பு. அந்தத் திறவுகோலில் 8 எழுத்துகளுக்குத்தான் இடம், மீதி வெட்டப்படும். நம்பகமற்ற வலையமைப்புக்கு இது ஏற்றதல்ல என்று வி.என்.சி.யின் நெறிமுறையை விவரிக்கும், 2011இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6143 ஆவணமே சொல்கிறது. பலவீனத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், 14 எழுத்துகளையும் வாங்கிக்கொண்டு, ஆறைக் குப்பையில் போட்டதை ஒரு வரியில்கூடச் சொல்லாத அந்த மென்பொருளின் மௌனத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்றே வி.என்.சி. வழக்கமாகப் பயன்படுத்தும் 5900ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் மூடி, சேவையகம் தன்னையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில் மட்டும் இணைப்புகளை ஏற்கும்படி மாற்றி, ஆளுக்கொரு திறவுகோலுடன் எஸ்.எஸ்.ஹெச். சுரங்கம் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாக மட்டுமே நுழைய வைத்தேன். அதுவரை மறையாக்கமின்றிப் போய்க்கொண்டிருந்த திரைக்காட்சிக்கும் விசைத் தட்டல்களுக்கும் அதனால் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் சுரங்கம் வழியே வருகிற எல்லோரும் சேவையகத்துக்கு ஒரே முகவரியாகத் தெரிவதால், ஒருவர் 5 முறை தவறாகத் தட்டினால் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கதவு சாத்தப்படுகிறது. திங்கட்கிழமை காலைகளில் இதற்காகவே எனக்குத் தொலைபேசி வரும்.

சுரங்கம் போட்டபின் பாதுகாப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, வேகமும் குறையவில்லை. ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நான் ஏன் இன்னும் அதை நீக்கவில்லை என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தச் சாளரங்கள் அப்படியே காத்திருக்கின்றனவே என்றேன்.