அட்வான்ஸ் ஹெச்.இ. ஃபெலோஷிப்: சிங்கப்பூர் விரிவுரையாளருக்கு எந்த அளவுக்குப் பயன்படும்?

சிங்கப்பூர்க் கல்வி நிலையங்களில் பாடம் நடத்தும் சிலரின் பெயருக்குப் பின்னால் எஃப்.ஹெச்.இ.ஏ. என்னும் எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். உயர்கல்வியில் கற்பிப்போருக்காக, பிரிட்டனின் அட்வான்ஸ் ஹெச்.இ. அமைப்பு வழங்கும் ஃபெலோஷிப் தகுதியின் சுருக்கம் அது. தனியார் உயர்கல்வி நிலையம் ஒன்றில் மாலை வகுப்புகளில் கணக்கியல் கற்பிக்கும் நான், இத்தகுதியைப் பெற்றவன். சக விரிவுரையாளர் சிலர் விண்ணப்பித்தபோது அவர்களுடைய கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொன்னவன். தகுதியைக் காட்டிலும் அதற்காக எழுத வேண்டிய கட்டுரையே பெறுமதியுள்ளது என்பதும், பகுதிநேர ஆசிரியர்கள் பலர் தமக்குப் பொருந்தாத நிலைக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்பதும் என் கருத்து.

முதலில், இது பயிற்சி வகுப்பு அன்று. நம் பயிற்றுநர்கள் அறிந்த சான்றிதழ்ப் பயிற்சிகளான பழைய ஆக்டா, அதற்குப் பின் வந்த ஏசிஎல்பி ஆகியவற்றில் பாடம் உண்டு, மதிப்பீடு உண்டு, சொல்லித் தர ஒருவர் இருப்பார். ஃபெலோஷிப்புக்கு நேரடியாக விண்ணப்பிப்பவருக்கு யாரும் எதையும் கற்பிப்பதில்லை. ஏற்கெனவே செய்துவரும் பணியை, கற்பித்தலின் தொழில்முறைத் தரங்களை வகுக்கும் ஒரு சட்டகத்தோடு பொருத்தி, சான்றுகளுடன் எழுதி அனுப்ப வேண்டும். பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் படித்துத் தீர்மானிப்பார்கள். 2023இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டகத்தில் ஐந்து செயற்களங்கள், ஐந்து அடிப்படை அறிவுக்கூறுகள், ஐந்து விழுமியங்கள் உள்ளன. அசோசியேட் ஃபெலோ, ஃபெலோ, சீனியர் ஃபெலோ, பிரின்சிபல் ஃபெலோ என்பவை நான்கு நிலைகள். ஃபெலோ நிலைக்குப் பதினைந்து கூறுகளையும் நிறைவு செய்தாக வேண்டும்.

கட்டுரைதான் இதன் உயிர்ப்பகுதி. எத்தனை ஆண்டுகள் கற்பித்தீர்கள், எத்தனை பாடங்களை நடத்தினீர்கள் என்ற பட்டியலுக்கு அங்கே மதிப்பில்லை. ஒரு முடிவை ஏன் எடுத்தீர்கள், அதனால் மாணவர் கற்றலில் நேர்ந்தது என்ன, அதை எப்படி அறிந்தீர்கள், அறிந்த பின் எதை மாற்றினீர்கள் என்றே ஒவ்வொரு பத்தியும் கேட்கிறது. பருவ இறுதியில் மாணவர்கள் இடும் மதிப்பெண் 5க்கு 4.3 என்றிருந்தாலும், அதை மட்டும் எழுதிவிட்டு நகர முடியாது. மாணவர்கள் ஆசிரியரை விரும்பினார்கள் என்பதற்கு அது சான்றாகலாம், கற்றார்கள் என்பதற்கு ஆகாது.

தாதிமைக் கல்வி விரிவுரையாளராக இருக்கும் என் நண்பர் ஒருவரின் விண்ணப்பத்தைச் சொன்னால் இது விளங்கும். மருந்தளவுக் கணக்கில் அவருடைய மாணவர்கள் எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஆனால் மாதிரி வார்டுப் பயிற்சியில் அதே கணக்கில் தடுமாறினார்கள். தேர்வுத் தாளில், மருத்துவர் எழுதியது 150 மில்லிகிராம், குப்பியில் இருப்பது 10 மில்லிலிட்டரில் 500 மில்லிகிராம் என்று எண்கள் வரிசையாக வந்துவிடும். வாய்பாட்டில் போட்டால் 3 மில்லிலிட்டர் என்று விடை கிடைத்துவிடும். வார்டில் யாரும் எண்களை எடுத்து அடுக்கித் தருவதில்லை. குப்பியின் சிறிய எழுத்தில் அச்சிட்ட தொகுதி எண், காலாவதித் தேதி, மொத்த அளவு, செறிவு ஆகியவற்றுக்கு நடுவே தேவையான இரண்டு எண்களை மாணவரே தேடிப் பிடிக்க வேண்டும். குறை கணக்கில் இல்லை, லேபிளைப் படிப்பதில் இருந்தது என்று நண்பர் கண்டுகொண்டு, அடுத்த குழுவுக்கு வாய்பாட்டைச் சொல்லித் தருவதற்கு முன்பே காலிக் குப்பிகளையும் பெட்டிகளையும் கையில் கொடுத்தார். இரு குழுக்களின் வார்டுப் பயிற்சி விடைகளிலும் பிழைகள் எந்த இடத்தில் நேர்ந்தன என்பதை ஒப்பிட்டுச் சான்றாக வைத்தார். நான் படித்த விண்ணப்பங்களில் அதற்கு இணையான இன்னொரு பகுதியைக் கண்டதில்லை. மாற்றம் சிறியதுதான், அதற்கு அவர் காட்டிய காரணத்தில் மட்டும் ஓட்டையே இல்லை.

நம்மவர்களுக்கு இக்கட்டுரை வேறொரு விதத்திலும் கடினமாகப் படுகிறது. 'நான் செய்தேன்', 'என் முடிவினால்' என்று பக்கம் பக்கமாக எழுத மனம் கூசுகிறது. எங்கள் துறை செய்தது, நாங்கள் செய்தோம் என்றே பேனா போகிறது. மதிப்பீட்டாளருக்கோ துறையின் சாதனை தேவையில்லை, விண்ணப்பிப்பவரின் பங்கே தேவை. இந்தக் கூச்சம் உள்ளவர்களுக்கு நான் நன்னூலை நினைவூட்டுவதுண்டு. தன்னைப் புகழ்வது தகாது என்று கருதும் மரபிலிருந்து வந்த பவணந்தி முனிவரே, புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளத் தகும் இடங்கள் என நான்கைச் சொல்கிறார். அரசனுக்கு ஓலை விடுப்பதும், தன் ஆற்றலை உணராதவரிடையே நிற்பதும் அவற்றில் அடங்கும். முகமறியா மதிப்பீட்டாளருக்கு விண்ணப்பம் அனுப்புவது இவ்விரண்டிலும் சேரும்.

நம்மவர் விண்ணப்பத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். தமிழ் இலக்கியம் கற்பிப்பவர், குறுந்தொகைப் பாடல் ஒன்றை வகுப்பில் நடத்திய முறையை அப்பாடலையே அறியாத ஒருவருக்கு விளக்க வேண்டியிருக்கும். இதைக் குறையாக நான் கருதவில்லை. பாடத்தின் பெருமையைப் பேச இடமில்லாதபோது, கற்பித்தலைப் பற்றித்தானே பேசியாக வேண்டும்.

குறையாகக் கருதுவது வேறு. ஒப்பந்த அடிப்படையில் மாலை வகுப்பு எடுப்பவருக்குப் பாடத்திட்டமும் திரையில் காட்டும் படவில்லைகளும் தேர்வுத் தாளும் ஆயத்தமாகக் கைக்கு வந்துவிடுகின்றன. ஒப்படைப்புகளைத் திருத்துவதற்கான அளவுகோலைக்கூட அவர் மாற்ற முடியாது. பாடத்தை வடிவமைத்தல், மதிப்பிட்டுக் கருத்துரைத்தல் ஆகிய செயற்களங்களில் இவர் எழுதுவதற்குச் செய்தி குறைவு. எழுதினாலும் வலிந்து எழுதியதாகவே படுகிறது. இத்தகையவருக்கு அசோசியேட் ஃபெலோ நிலையே நேர்மையான தேர்வு. ஐந்து செயற்களங்களில் குறைந்தது இரண்டில் திறம்படச் செயல்பட்டதைக் காட்டினால் போதும்; அறிவுக்கூறுகளிலும் விழுமியங்களிலும் குறிப்பிட்ட சில மட்டுமே கட்டாயம். கீழ்நிலை என்று பலர் இதைத் தவிர்ப்பது வீண் கௌரவம் என்றே சொல்வேன்.

விண்ணப்பத்துக்கு ஆயத்தம் செய்வதாகக் கூறும் தனியார்ப் பட்டறைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நான் கலந்துகொண்ட ஒன்றில், அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து ஆராய, கல்வியியலாளர் கிரகாம் கிப்ஸ் 1988இல் முன்வைத்த ஆறு படிகளை ஆறு கட்டங்களாக அச்சிட்டுக் கொடுத்து, நிரப்பி முடித்தால் கட்டுரை ஆயத்தம் என்றார்கள். என்ன நடந்தது, எப்படி உணர்ந்தேன் என்ற முதலிரண்டு கட்டங்களையும் எல்லாரும் தாராளமாக நிரப்பினார்கள். ஏன் அப்படி நடந்தது என்று பகுத்தறிய வேண்டிய நான்காவது கட்டத்தில் ஒரு வரிக்கு மேல் யாரும் எழுதவில்லை, பயிற்றுநரும் கேட்கவில்லை. அந்தப் பணத்தில், நம்பிக்கையான சக ஆசிரியர் ஒருவரைச் சிற்றுண்டிக்கு அழைத்துச் சென்று, உங்கள் வகுப்பில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்வது எவ்வளவோ மேல். பணியை நேரில் அறிந்தவரின் ஆதரவுக் கடிதமும் தேவைப்படும் என்பதால், வகுப்பைப் பார்த்த ஒருவர் இருப்பது அதற்கும் உதவும்.

கட்டணம், கற்பிக்கும் நிலையம் அட்வான்ஸ் ஹெச்.இ.யில் உறுப்பு வகிக்கிறதா என்பதைப் பொறுத்து வேறுபடும். உறுப்பல்லாத நிலையத்தைச் சேர்ந்தவருக்குச் சுமை அதிகம். ஆகவே மனிதவளப் பிரிவிடம் இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் கற்பிக்க இத்தகுதி கட்டாயமில்லை. பதவி உயர்வில் இதற்கு இடம் உண்டா என்பது அந்தந்த நிலையத்தின் விருப்பம். என் நிலையத்தில் இதனால் என் சம்பளம் ஒரு வெள்ளிகூட உயரவில்லை. தாதிமை நண்பருக்கோ, அந்தக் குப்பிப் பயிற்சியை மற்ற விரிவுரையாளர்களும் பயன்படுத்தும் வகையில் எழுதித் தரும்படி துறைத் தலைவர் கேட்டிருக்கிறார். அவர் இப்போது ஊசி மருந்துகளுக்கும் அதை விரித்துக்கொண்டிருக்கிறார்.