போராட்டக் களமா, சான்றுப் பணியா? இனநீதியில் மனநல வல்லுநர்கள்

அமெரிக்காவில் இனநீதிக்காக உழைக்க விரும்பும் உளவியலாளர் முன் இரண்டு வழிகள் உண்டு: போராடுபவர்களுக்குத் துணை நிற்பது, அல்லது சட்டத்தையும் அமைப்புகளையும் மாற்றச் சான்று திரட்டுவது.

களத்தில் முதல் வேலை உளவியல் முதலுதவி. பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், உடனடித் தேவையைக் கேளுங்கள், குடும்பத்தோடு பேச வழிசெய்யுங்கள். நடந்ததை விவரிக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. அது காயத்தை ஆழப்படுத்தலாம். பலர் சறுக்குவது குறிப்பேட்டில்தான். போராட்ட விவரங்களை எழுதிவைத்தால், பின்னாளில் நீதிமன்றம் அவற்றைக் கேட்கக்கூடும். தேவையானதை மட்டும் பதியுங்கள். நியாயமான கோபத்தை நோயாகப் பார்ப்பது அதைவிடப் பெரிய பிழை. அடிமைகள் தப்பியோடுவதையே மனநோய் என்று 1851இல் எழுதினார் மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட். கறுப்பினத்தவருக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்று மிகையாக முத்திரை குத்தும் போக்கு இன்றும் இருக்கிறது.

சான்றுப் பணி மெதுவானது, வீச்சோ பெரிது. உளவியலாளர்களான கென்னத், மேமி கிளார்க் இணையர், இனப் பாகுபாடு கறுப்பினக் குழந்தைகளின் மனதை எப்படிப் பாதிக்கிறது என்று அறிய, கறுப்பு, வெள்ளைப் பொம்மைகளைக் கொண்டு அவர்களிடம் ஆய்வு செய்தார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1954ஆம் ஆண்டு பிரவுன் தீர்ப்பின் 11ஆம் அடிக்குறிப்பு, கென்னத் கிளார்க்கின் அறிக்கையைச் சுட்டுகிறது. இங்குள்ள ஆபத்து வேறு: சிகிச்சை பெறுபவரின் கதையை அனுமதியின்றிச் சான்றாக்கினால் நம்பிக்கை உடைந்துவிடும்.

புதியவர்கள் உள்ளூர்க் குழுவின் வழிகாட்டலில் களத்தில் தொடங்கட்டும். ஆய்வுப் பயிற்சி உள்ளவர்கள் சான்றுப் பணிக்கே நேரம் ஒதுக்குவது நல்லது.