டிரில்லா, கத்தியா, லேசரா: பல் சிகிச்சையில் எதற்கு எது?

லேசர் சிகிச்சை என்றாலே “வலிக்காது, ரத்தம் வராது” என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. அது எந்தப் பாதி என்பது வேலை பல்லில் நடக்கிறதா ஈறில் நடக்கிறதா என்பதையும், மருத்துவரிடம் இருப்பது எந்த வகை லேசர் என்பதையும் பொறுத்தது.

முதலில் சொத்தைப் பல். வழக்கமான டிரில்லின் முனை நிமிடத்துக்கு 3 முதல் 4 லட்சம் முறை சுழலும். எனாமல் என்னும் பல்லின் கடினமான மேலடுக்கு, பழைய அடைப்பு, உலோகம் என எதைக் கொடுத்தாலும் வெட்டித் தள்ளும். அதன் சத்தமும் அதிர்வும்தான் பலரைப் பல் மருத்துவரிடம் போகவிடாமல் செய்கின்றன.

லேசர் இந்த வேலைக்கு வர வெகுகாலம் ஆனது. 1960-இல் முதல் லேசர் உருவானது. சில ஆண்டுகளிலேயே ரூபி லேசரைப் பல்லில் சோதித்துப் பார்த்தார்கள். பல்லுக்குள் இருக்கும் உயிருள்ள கூழ் அந்தச் சூட்டைத் தாங்காது என்று தெரிந்தது. எர்பியம் லேசர் வந்த பிறகுதான் வழி பிறந்தது. 2940 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அதன் ஒளியைத் தண்ணீர் மிக வேகமாக உறிஞ்சும். பல்லுக்குள் இருக்கும் துளி ஈரம் நொடியில் ஆவியாகி, நுண்ணிய வெடிப்பாகச் சுற்றியுள்ள பகுதியைப் பெயர்த்துவிடும். கூடவே தண்ணீரும் பீய்ச்சப்படுவதால் சூடு தங்காது. சொத்தையான பகுதியில் ஈரம் அதிகம் என்பதால், நல்ல பகுதியைவிட அது சீக்கிரம் பெயர்ந்து வரும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997-இல் இந்த லேசரைப் பல்லில் பயன்படுத்த அனுமதித்தது.

சின்னச் சொத்தை, ஊசிக்குப் பயப்படும் குழந்தை என்றால் நான் எர்பியம் பக்கம்தான். பல நேரம் மரத்துப்போகும் ஊசி இல்லாமலே வேலை முடிந்துவிடும். ஆனால் டிரில்லைவிட நேரம் கூடுதலாகும். பழைய உலோக அடைப்பை அதனால் எடுக்க முடியாது. கிரவுன் என்னும் பல் உறை போடப் பல்லைச் செதுக்குவதற்கும் டிரில்தான் வேண்டும். பெரிய வேலை என்றால் எப்படியும் டிரில் கைக்கு வந்துவிடும். அதைத் தவிர்க்கவே லேசருக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

ஈறுக்கு வந்தால் கதை மாறுகிறது. இங்கே அதிகம் புழங்குவது டயோடு லேசர், சுமார் 810 முதல் 980 நானோமீட்டர் வரை. ரத்தத்தின் சிவப்பு நிறமியும் ஈறின் கருமை நிறமியும் இதன் ஒளியை உறிஞ்சுவதால், வெட்டும்போதே ரத்தக்கசிவு அடங்கிவிடும். ஈறு ஓரத்தைச் சீராக்குவது, உதட்டையும் ஈறையும் இணைக்கும் தசைமடிப்பை விடுவிப்பது போன்ற சின்ன அறுவைகளில் பெரும்பாலும் தையலே தேவைப்படாது. இந்த இடத்தில் லேசர் கொடுக்கும் வசதி நிஜம்.

அதற்காகக் கத்தி தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. கத்தி வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கும், கருகாது. சந்தேகமான கட்டியைப் பரிசோதனைக்கு எடுக்கும்போது இது ரொம்ப முக்கியம். ஓரம் கருகிய சதையை மைக்ராஸ்கோப்பில் படிப்பது கஷ்டம். மின்சாரத்தால் சதையை வெட்டும் மின்கத்தியும் ரத்தத்தை நிறுத்தும்தான். ஆனால் அது இம்ப்ளான்ட் (எலும்பில் பொருத்திய செயற்கைப் பல் வேர்) உலோகத்தில் பட்டால் சூடு எலும்புவரை போகலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: டயோடு லேசரால் சொத்தையைக் குடைந்தெடுக்க முடியாது. “எங்களிடம் லேசர் இருக்கிறது” என்று ஒரு கிளினிக் சொன்னால், அது எந்த வகை என்று தயங்காமல் கேளுங்கள்.

ஈறு நோய்க்கு? பல்லில் படிந்த காரையை எடுக்கும் ஸ்கேலிங், வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்வது, இவைதான் இன்றும் அடிப்படை. அதோடு லேசரையும் சேர்த்தால் பெரிய கூடுதல் பலன் வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இதற்காகக் கூடுதல் பணம் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன். பல் வெளுப்பாக்குவதும் அப்படித்தான். வேலையைச் செய்வது பெராக்சைடு ஜெல், ஒளியால் கிடைப்பது சொற்பமே.

எந்த லேசராக இருந்தாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மருத்துவர், உதவியாளர், நீங்கள், மூவருக்கும். டயோடுக்கான கண்ணாடி எர்பியத்துக்கும் போதும் என்று நினைக்கக் கூடாது. அந்தந்த அலைநீளத்துக்கு ஏற்றதைத்தான் போட வேண்டும். கண்ணாடி தராமல் கருவியை இயக்கப் போனால், நிறுத்தச் சொல்லிக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.