மெயின்ஃபிரேம் வலைப்பின்னலில் ட்ரேஸ் தொடங்க நான்கு வழிகள்: எதை எப்போது நாடுவது?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மாடியறையில் அமர்ந்து, கடல் கடந்த ஊர்களில் ஓடும் மெயின்ஃபிரேம்களுக்கு இரவுப் பணி பார்ப்பவர்கள் நாங்கள் மூவர். கோப்புப் பரிமாற்றம் பாதியில் நிற்கிறது, எம்க்யூ சேனல் (நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் இணைப்பு) அடிக்கடி அறுந்துபோகிறது என்று அழைப்பு வரும்போதெல்லாம் எங்களுக்குள் எழும் முதல் கேள்வி ஒன்றுதான்: ட்ரேஸை, அதாவது வலைப்பின்னலில் போய்வருவதைப் பிடித்துவைக்கும் பதிவை, எங்கிருந்து தொடங்குவது? ஐபிஎம் மெயின்ஃபிரேமின் இயங்குதளமான இசட் ஓஎஸ்ஸில் இதற்கு நான்கு வழிகள் உண்டு. கன்சோலில் கட்டளை இடலாம். வலைப்பின்னல் மானிட்டரின் திரையிலிருந்து தொடங்கலாம். மெயின்ஃபிரேமை வலைப்பின்னலோடு இணைக்கும் ஓஎஸ்ஏ அட்டையிலேயே பிடிக்கலாம். மெயின்ஃபிரேமுக்கு வெளியே, ஸ்விட்சில் பிடிக்கலாம். நான்கையும் பல இரவுகள் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில், எது எங்கே கைகொடுக்கும், எது எங்கே கைவிடும் என்பதை எழுதுகிறேன்.

வழிகளை ஒப்பிடும் முன், பேக்கெட் ட்ரேஸ், டேட்டா ட்ரேஸ் என்ற இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். தவறான ஒன்றைத் தொடங்கிவிட்டு இரவு முழுவதும் காத்திருந்தவர்களை நான் அறிவேன். கடிதம் எழுதியவர் அதைத் தபால் நிலையச் சாளரத்தில் நீட்டும் இடம் ஒன்று. பை கட்டி வண்டியில் ஏற்றும் இடம் இன்னொன்று. டேட்டா ட்ரேஸ் நிற்பது சாளரத்தில். நிரல் தன் வாசலான சாக்கெட் வழியாக, வலைப்பின்னல் வேலையைச் செய்யும் டிசிபி/ஐபி ஸ்டாக் என்ற மென்பொருளிடம் எதை ஒப்படைத்தது, ஸ்டாக்கிடமிருந்து எதைப் பெற்றுக்கொண்டது என்பதை அது பதிவுசெய்யும். பேக்கெட் ட்ரேஸ் நிற்பது வண்டியருகே. ஐபி அடுக்கில் ஸ்டாக்குக்குள் வரும், வெளியே போகும் ஒவ்வொரு பேக்கெட்டையும் அதன் தலைப்புகளோடு பதிவுசெய்யும். மறுபடி அனுப்பப்பட்ட பேக்கெட், வராத ஒப்புகை, ரீசெட் (திடீர்த் துண்டிப்பு), சுருங்கிப் பூஜ்யமான விண்டோ (மறுமுனை ஏற்கக்கூடிய அளவு) ஆகியவை எல்லாம் பேக்கெட் ட்ரேஸில்தான் தெரியும். டேட்டா ட்ரேஸில் தேடினாலும் கிடைக்காது.

குறியாக்கம் வந்தபின் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிவிட்டது. ஏடி-டிஎல்எஸ் (நிரலுக்குப் பதிலாக ஸ்டாக்கே டிஎல்எஸ் குறியாக்கம் செய்யும் முறை) பயன்படுத்தும் இணைப்பில் குறியாக்க வேலையை டிசிபி அடுக்கே செய்வதால், பேக்கெட் ட்ரேஸில் கைகுலுக்கல் என்ற தொடக்க உரையாடலின் குறியாக்கப்படாத பகுதி வரை படிக்கலாம். அதற்குப்பின் வருவதெல்லாம் குறியாக்கப்பட்ட பைட்டுகள். சாக்கெட் வாசலில் நிற்கும் டேட்டா ட்ரேஸோ, குறியாக்கத்துக்கு முந்தைய தெளிவான தரவைக் காட்டக்கூடிய இடத்தில் இருக்கிறது. ஆனால் அது தானாகக் காட்டிவிடாது. ஏடி-டிஎல்எஸ் கொள்கையில் சிட்ரேஸ்கிளியர்டெக்ஸ்ட் என்ற அமைப்பு இயல்பாகவே அணைந்திருக்கும். அதை ஆன் செய்யாமல் ட்ரேஸ் எடுத்தால் உள்ளடக்கம் கிடைக்காது. டிஎல்எஸ் வேலையை நிரல் தானே செய்துகொண்டால் நிலைமை வேறு. அது சாக்கெட்டில் ஒப்படைப்பதே குறியாக்கப்பட்ட தரவு என்பதால், டேட்டா ட்ரேஸும் அங்கே உதவாது. ஆகவே, எந்த வழியில் தொடங்குவதானாலும், இந்த இணைப்பைக் குறியாக்கம் செய்வது யார் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது கன்சோல். வேரி டிசிபிஐபி கட்டளையில் பிகேடி-ட்ரேஸ் அல்லது டேட்-ட்ரேஸ் என்று கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான். அந்தக் கட்டளை எதைப் பிடிப்பது என்று மட்டும் சொல்கிறது. பிடித்தவை போய்ச் சேர்வது சிஸ்டிசிபிடிஏ என்ற காம்பொனென்ட் ட்ரேஸுக்கு (இசட் ஓஎஸ்ஸின் பதிவு வசதிக்கு). அதற்கு, பதிவுகளைக் கோப்பில் எழுதும் எக்ஸ்டர்னல் ரைட்டரை இணைக்காவிட்டால் பதிவுகள் நினைவகத்தில் உள்ள பஃபரில் சுழன்று, பழையதைப் புதியது அழித்துக்கொண்டே போகும். விடியற்காலை 3 மணிக்கு நடந்த கோளாற்றைக் காலை 7 மணிக்குத் தேடினால் 6.50-க்கு நடந்ததுதான் இருக்கும். சரியான வரிசை இதுதான்: முதலில் ரைட்டர் ப்ரொசீஜரைத் தொடங்க வேண்டும், அடுத்து சிஸ்டிசிபிடிஏ ட்ரேஸை ஆன் செய்து, அது கேட்கும் பதிலில் ரைட்டரின் பெயரைக் கொடுக்க வேண்டும், கடைசியாகத்தான் வேரி கட்டளை. நிறுத்தும்போது இதையே பின்னிருந்து செய்ய வேண்டும்: பிடிப்பதை நிறுத்தி, ரைட்டரைத் துண்டித்து, காம்பொனென்ட் ட்ரேஸை அணைத்து, ரைட்டரை முடித்துவிட வேண்டும்.

கன்சோலின் வலிமை வடிகட்டிகளில் இருக்கிறது. அதன் ஆபத்தும் அங்கேயேதான். ஐபி முகவரி, சப்நெட், மூலப் போர்ட், சேரும் போர்ட், ப்ரோட்டோகால், இன்டர்ஃபேஸ் என்று பேக்கெட் ட்ரேஸை நுணுக்கமாகச் சுருக்கலாம். ஒரே கட்டளையில் கொடுத்த வடிகட்டிகள் எல்லாம் சேர்ந்து பொருந்தினால்தான் பேக்கெட் பிடிபடும். தனித்தனிக் கட்டளைகளாகக் கொடுத்தால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே பிடிபட்டுவிடும். இது தெரியாமல் எங்கள் குழுவின் இளையவர் ஒரு கட்டளையில் முகவரியையும் அடுத்த கட்டளையில் 1414 என்ற எம்க்யூ போர்ட்டையும் கொடுத்துவிட்டார். அந்த முகவரியின் எல்லாப் போக்குவரத்தும், அந்தப் போர்ட்டில் பேசிய எல்லா எம்க்யூ சேனல்களும் ட்ரேஸுக்குள் வந்து விழுந்தன. ரைட்டரின் கோப்பு சில நிமிடங்களிலேயே நிரம்பிவிட்டது. "ரெண்டையும்தானே அண்ணா கொடுத்தேன்" என்று அவர் திகைத்து நின்ற முகம் இன்னும் நினைவிருக்கிறது. தவறு அவருடையது மட்டுமன்று. கட்டளையின் இந்த நடத்தை, சொல்லிக்கொடுத்தால் ஒழிய யாருக்கும் தானாகத் தெரிவதில்லை. அன்றிலிருந்து நாங்கள் எதைத் தொடங்குவதற்கு முன்னும் கிளியர் கொடுத்துப் பழைய வடிகட்டிகளை நீக்கிவிட்டு, தொடங்கியபின், ஸ்டாக்கின் நிலையைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையின் டெவ்லிங்க்ஸ் திரையில் பேக்கெட் ட்ரேஸ் அமைப்புகளையும், நெட்ஸ்டாட் கான்ஃபிக் திரையில் டேட்டா ட்ரேஸ் அமைப்புகளையும் ஒருமுறை படித்துவிடுகிறோம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. டேட்டா ட்ரேஸை ஜாப் (மெயின்ஃபிரேமில் ஓடும் வேலை) பெயரால் சுருக்கலாம். பேக்கெட் ட்ரேஸ் கட்டளையில் அந்த வசதி இல்லை. பேக்கெட்டுகளைப் பிடித்தபின், ஐபிசிஎஸ் என்ற பகுப்பாய்வுக் கருவியில் படிக்கும்போதுதான் ஜாப் பெயரால் பிரிக்க முடியும். இயல்பாக முழுப் பேக்கெட்டும் பதிவாகும். அப்ரீவ் என்று கொடுத்தால் முதல் 224 பைட்டுகளோடு நின்றுவிடும். தலைப்புகளும் தொடர் எண்களும் மட்டும் போதுமென்றால் அப்ரீவே மேல். இடம் மிச்சமாவது ஒருபுறமிருக்க, வாடிக்கையாளரின் கணக்கு விவரங்களில் பெரும்பகுதி நம் கோப்புக்குள் வராமல் இருப்பது அதைவிடப் பெரிய நன்மை.

கன்சோல் வழியின் பெரிய குறை, அந்த அமைப்புகள் ஸ்டாக் முழுமைக்கும் பொதுவானவை என்பதே. பகல் குழு ஒரு சிக்கலுக்காக ட்ரேஸ் ஓடவிட்டிருக்க, இரவுக் குழு இன்னொன்றை முடித்துவிட்டு வெறுமனே ஆஃப் கொடுத்தால் இரண்டும் நின்றுபோகும். அதோடு பாதுகாப்பு மென்பொருளின் ஆப்பர்கமாண்ட்ஸ் வகுப்பில் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதி உள்ள ஒருவரை நள்ளிரவில் எழுப்ப வேண்டிய தளங்கள் பல.

மானிட்டர் திரை இந்த இடத்தில்தான் தன் மதிப்பைக் காட்டுகிறது. ஐபிஎம்மின் நெட்வியூவில் ஐபிட்ரேஸ் திரை, பிராட்காமின் நெட்மாஸ்டரில் ஸ்மார்ட்ட்ரேஸ் என்று பெயர்கள் வேறுபட்டாலும், பயனருக்குத் தெரிவது ஏறக்குறைய ஒன்றே: இணைப்புப் பட்டியலில் சந்தேகப்படும் வரியைத் தேர்ந்தெடுத்தால், முகவரியும் போர்ட்டும் தாமாகவே படிவத்தில் நிரம்பும், தொடங்கிய சில விநாடிகளில் பேக்கெட்டுகள் பிரித்துப் படிக்கத்தக்க வடிவில் திரையில் வரத் தொடங்கும். ஐபி முகவரியை விரலால் தட்டும்போது நேரும் பிழை இங்கே இல்லை. ஐபிசிஎஸ் தெரியாதவரும் படிக்கலாம்.

ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் மானிட்டர் என்ன செய்கிறது என்பதை உங்கள் சிஸ்டம் ப்ரோகிராமரிடம் கட்டாயம் கேளுங்கள். சில அமைப்புகளில் அது நமக்குப் பதிலாக அதே வேரி கட்டளையை இடுகிறது, அவ்வளவே. டிசிபி/ஐபி ப்ரொஃபைலில் (ஸ்டாக்கின் அமைப்புக் கோப்பில்) நெட்மானிட்டர் வரியில் பேக்கெட் ட்ரேஸ் சேவையை இயக்கி, பதிவுகளை ஒரு யூனிக்ஸ் சாக்கெட் வழியாக உடனுக்குடன் வாங்கும் முறையிலும், எதைப் பிடிப்பது என்பதை அந்தப் பொதுக் கட்டளைதான் தீர்மானிக்கும். அப்படியானால் கன்சோலின் பொதுமைக் குறை அப்படியே இங்கும் தொடரும். திரை அழகாக இருப்பதால் அது மறைந்துதான் இருக்கும், இல்லாமல் போகாது. இதற்கு மாறாக, நிரலே தனக்கென ஒரு ட்ரேஸைத் திறந்து, தனக்கான வடிகட்டிகளை வைத்துக்கொள்ள உதவும் புதிய இடைமுகமும் இசட் ஓஎஸ்ஸில் உண்டு. அதைப் பயன்படுத்தும் மானிட்டரில் நால்வர் நான்கு ட்ரேஸ்களை ஒன்றையொன்று தொடாமல் ஓட்டலாம். அதற்கான அனுமதிகள் சர்வ்ஆத் என்ற இன்னொரு பாதுகாப்பு வகுப்பில் இருக்கின்றன. ஏடி-டிஎல்எஸ் இணைப்பின் தெளிவான தரவைப் பார்க்க அதிலேயே தனி அனுமதி வேண்டும். மானிட்டர் வாங்கும் முன், விலைப்பட்டியலுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, அது எந்த முறையைப் பயன்படுத்துகிறது என்பதே; இது என் உறுதியான கருத்து.

மானிட்டரை நான் நம்பாத இடமும் ஒன்று உண்டு: நீண்ட இரவு. பதிவுகள் வரும் வேகத்துக்கு வாங்கும் நிரல் ஈடுகொடுக்காவிட்டால் இடையில் சில தொலைந்துபோகும். கோளாறு எப்போது வருமென்றே தெரியாமல் எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டுமென்றால், கன்சோலும் எக்ஸ்டர்னல் ரைட்டரும் சேர்ந்த பழைய வழியே எனக்கு மன நிம்மதி தருகிறது. அந்தக் கோப்பை ஐபிசிஎஸ்ஸில் ஸ்னிஃபர் விருப்பத்தோடு டிசிபிடம்ப் வடிவில் எழுதி, பைனரியாக இறக்கினால், சாதாரணக் கணினியில் பேக்கெட்டுகளைப் படிக்கும் வயர்ஷார்க்கில் திறக்கும். மெயின்ஃபிரேம் அறியாத ஃபயர்வால் குழுவுக்கும் அதை அனுப்பலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஐபிசிஎஸ் இயல்பாகக் காட்டுவது கிரீன்விச் நேரம். லோக்கல் என்று கேட்டாலும் வருவது அந்த மெயின்ஃபிரேம் இருக்கும் ஊரின் நேரமேயன்றி நம் நேரமன்று. புதுச்சேரிக் கடிகாரத்தில் குறித்துவைத்த நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்துக்கொண்டு தேடுவதே நாங்கள் கண்ட எளிய வழி.

மூன்றாவது வழியான ஓஎஸ்ஏ ட்ரேஸ், இசட் ஓஎஸ் 1.8 பதிப்போடும் ஓஎஸ்ஏ எக்ஸ்பிரஸ் 2 அட்டையோடும் வந்தது. இது ஸ்டாக்குக்கு வெளியே, அட்டையில் போய்வரும் ஃபிரேம்களைப் பிடிக்கிறது. தரவைத் துண்டுகளாக்கும் செக்மென்டேஷன் வேலையை அட்டையிடம் ஒப்படைத்திருந்தால் ஸ்டாக்கின் பேக்கெட் ட்ரேஸில் எம்டியு என்ற உச்ச பேக்கெட் அளவைவிடப் பல மடங்கு பெரிய ஒற்றைப் பேக்கெட் தெரியும். அதைப் பார்த்து மிரண்டு எழுதப்பட்ட புகார்களை நான் படித்திருக்கிறேன். கம்பியில் உண்மையில் போன துண்டுகளை அட்டை ட்ரேஸ் காட்டும். அதே அட்டையைப் பகிரும் பிற எல்பார்களின் (ஒரே மெயின்ஃபிரேமைப் பிரித்த தனிப் பகுதிகளின்) போக்குவரத்தையும் அதில் பார்க்க இயலும் என்பதால், ஹார்ட்வேர் மேனேஜ்மென்ட் கன்சோலில் முன் அனுமதி பெற வேண்டும். ஓர் அட்டையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்டாக்தான் இதை ஓட்டலாம். இவ்வளவு நேரம், இவ்வளவு ஃபிரேம், இவ்வளவு மெகாபைட் ஆனதும் தானே நின்றுகொள்ள வரம்பு வைக்கும் வசதி இதில் உண்டு; பேக்கெட் ட்ரேஸ் கட்டளையில் அது இல்லாதது எனக்கு நெடுநாள் மனக்குறை.

ஸ்விட்சில் போர்ட்டைப் பிரதியெடுத்துப் பிடிக்கும் நான்காவது வழிக்கு மெயின்ஃபிரேமில் எந்தச் சுமையும் இல்லை. ஆனால் ஒரே அட்டையைப் பகிரும் இரண்டு எல்பார்கள் தமக்குள் பேசுவதும், இயந்திரத்துக்குள்ளேயே அமைந்த ஹைப்பர்சாக்கெட் வலைப்பின்னலில் பேசுவதும் ஸ்விட்சுக்கு வருவதே இல்லை. பெரும்பாலும் வேறு குழுவிடம் கைகட்டி நின்று கேட்க வேண்டிய வழியாகவும் அது இருக்கிறது.

இந்த வழிகள் ஒன்றுக்கொன்று போட்டி என்றாலும் ஒன்றன்பின் ஒன்றாகவும் வேலை செய்யும் என்பதை ஓர் இரவு எங்களுக்குக் காட்டியது. ஒரு கூட்டு நிறுவனத்துக்குப் போகும் எஃப்டிபி வேலை, உள்நுழைவு சரியாக முடிந்து, சிறிய கோப்புகள் போய், பெரிய கோப்பில் மட்டும் நின்றது. மறுமுனையினர் மெயின்ஃபிரேம் அனுப்பவே இல்லை என்று சாதித்தார்கள். முதலில் மானிட்டர் திரையில் பேக்கெட் ட்ரேஸ்: ஒரே தொடர் எண் திரும்பத் திரும்ப, இடைவெளி கூடிக்கொண்டே, ஒப்புகை இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அடுத்து அந்த ஜாப் பெயருக்கு மட்டும் டேட்டா ட்ரேஸ்: நிரல் தரவைக் கொடுத்துவிட்டு, ஸ்டாக்கில் இடம் காலியாவதற்காகக் காத்திருந்தது, ஆகவே நிரல் மேல் பழியில்லை. கடைசியாக ஓஎஸ்ஏ ட்ரேஸ்: துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு முழு அளவு ஃபிரேம்கள் அட்டையை விட்டு வெளியே போயிருந்தன. வழியில் எங்கோ எம்டியு சிறிதாக இருக்க, அதைத் திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை ஒரு ஃபயர்வால் விழுங்கிக்கொண்டிருந்தது. வயர்ஷார்க் கோப்பை அனுப்பியபின் வாதம் நின்றது. அந்த விதியைத் திருத்தினார்கள். கோப்பு போய்ச் சேர்ந்தது. அப்போது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. வீட்டுக்குக் கிளம்பும் முன், இளையவர் ஓஎஸ்ஏ ட்ரேஸை அணைத்து, பேக்கெட், டேட்டா இரண்டுக்கும் கிளியர் கொடுத்து, நெட்ஸ்டாட் திரைகளைத் திறந்து எந்த வடிகட்டியும் மிச்சமில்லை என்று என்னிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.