9 ஜிபி கோப்போடு இரண்டு வருடம்

வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய் ஸ்டோருக்குக் கம்பத்திலிருந்து போய் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். காய் உலர்த்தும் அறைகளில் 24 சென்சார்கள். 5 விநாடிக்கு ஒருமுறை சூடும் ஈரப்பதமும் சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்து வரிகள்) பதிவாகும். ஒரு நாளைக்கு நாலு லட்சம் வரிக்கு மேல். வருடக் கோப்பு 9 ஜிபியைத் தொட்டபோது, எந்த அறையில் என்றைக்குச் சூடு ஏறியது என்ற ஒரே கேள்விக்கு என் பைத்தான் நிரல் முக்கால் மணி நேரம் எடுத்தது. ஸ்டோர் கணக்கர் மலையாளி. அவ்வப்போது எட்டிப் பார்த்து, "தம்பி, கழிஞ்ஞோ?" (முடிஞ்சுதா?) என்பார்.

தப்பு என்னுடையதுதான். எல்லா வரியையும் ஒரே மூச்சில் படிக்கும் ரீட்லைன்ஸ் கட்டளையைப் போட்டு முழுக் கோப்பையும் ரேமில் ஏற்றப் பார்த்திருக்கிறேன். இருப்பதோ 8 ஜிபி. மிச்சம் ஸ்வாப்புக்கு (ரேம் நிறைந்தால் டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) போய் ஹார்டு டிஸ்க் கிடந்து உருண்டது. வரி வரியாகப் படித்து, பார்த்ததை அங்கேயே விட்டுவிடும்படி இரண்டு வரி திருத்தினேன். ஏழு நிமிடம் ஆனது.

அப்புறம் நன்றாக ஏமாந்தேன். ஒரு மாதக் கோப்பை ஓட்டினால் 31 விநாடி. பஃபரை (ஒரு தடவைக்கு டிஸ்க்கிலிருந்து அள்ளும் அளவு) கூட்டி மறுபடி ஓட்டினால் 22. சந்தோஷத்தில் கணக்கருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலை கணினியைப் போட்டு ஓட்டினால் பழையபடி 31! பஃபர் ஒன்றும் செய்யவில்லை. முதல் தடவை படித்த கோப்பை லினக்ஸ் ரேமிலேயே வைத்திருந்து, அடுத்த தடவை அங்கிருந்து கொடுத்திருக்கிறது. இப்போதெல்லாம் கணினியை அணைத்துப் போட்ட பிறகுதான் நேரம் பார்க்கிறேன்.

அந்த ஏமாற்றத்திலும் ஒரு கணக்கு கிடைத்தது. 31-இல் டிஸ்க் தின்றது 9 விநாடிதான். மீதி வரியைப் பிரித்து எண்ணாக மாற்றும் வேலை. "எஸ்எஸ்டி வாங்கிடலாமா?" என்று முதலாளி கேட்டபோது, டிஸ்க் வேகமானாலும் பெரிய லாபமில்லை, வேண்டாம் என்றேன். கோப்பை ரேமில் இருப்பதுபோலவே நேரடியாகப் படிக்கவிடும் எம்மேப்பும் போட்டுப் பார்த்தேன், இதே காரணத்தால் பெரிய வித்தியாசமில்லை.

கைகொடுத்தது பார்க்கே என்ற கோப்பு வடிவம். வரி வரியாக இல்லாமல் பத்தி (காலம்) பத்தியாகச் சேமிப்பதால் நேரம், அறை, சூடு என்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வரிகளைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் சிறும, பெரும மதிப்பு எழுதியிருப்பதால் தேவையில்லாத தொகுதியை நிரல் தொடாமலே தாண்டிப் போகும். அதே கேள்விக்கு இப்போது பத்து விநாடிக்குள் பதில்.

குறையும் உண்டு. எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பார்க்கே கோப்பின் அட்டவணை அதன் கடைசியில் இருக்கிறது. ஜூன் மழையில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அட்டவணையே இருக்காது, கோப்பு திறக்காது. எனக்கு இரண்டு நாள் பதிவு அப்படிப் போச்சு. சிஎஸ்வியாக இருந்தால் கடைசிச் சில வரிகள் மட்டும்தான் போயிருக்கும். அதனால் சென்சார் பதிவை சிஎஸ்வியிலேயே விட்டுவிட்டு, நள்ளிரவில் பார்க்கேவாக மாற்றி, திறந்து சரிபார்த்த பிறகே பழையதை அழிக்கிறேன்.

பார்க்கே கோப்பை நோட்பேடில் திறக்க முடியவில்லையே என்று கணக்கருக்கு இன்னும் வருத்தம். அவருக்காகத் தினமும் காலையில் ஒரு சின்ன சிஎஸ்வி தனியாக எடுத்து வைக்கிறேன்.